நம்பி அனுப்பும் பிள்ளைகளுக்கு நாம் தரும் காப்பு என்ன?

சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாசலில் நிற்பதற்கே தடை இருந்த காலத்தில் நம் பிள்ளைகளுக்கென்று பள்ளியும் விடுதியும் எழுந்தன. நூறாண்டு கடந்த பின்னும் அந்த வேலை ஓயவில்லை. குமராட்சி, காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், புவனகிரி வட்டாரங்களில் மாலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு காலனிக்குள் போய்ப் பாருங்கள். சமுதாயக் கூடத்திலோ அம்பேத்கர் படிப்பகத்திலோ இருபது முப்பது பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருப்பார்கள். சொல்லிக் கொடுப்பவர் கல்லூரியில் படிக்கும் பையனாக இருப்பார்; அல்லது பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணாக இருப்பார். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தெருவே அவர்களை அண்ணன், அக்கா என்று அழைக்கிறது.

அரசும் இந்த வழியில் வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் பல்லாயிரம் பெண்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். இவர்களைத் தவிர நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் முகாமுக்கு ஊருக்கு வருகிறார்கள். பறை கற்றுத் தர வருகிறார்கள், கபடி பழக்க வருகிறார்கள், கோடை முகாம் நடத்த வருகிறார்கள். எல்லோரையும் வரவேற்கிறோம். வரவேற்க வேண்டியதும்தான்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் இதுவரை கேட்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சிறுமி மட்டும் நின்று, “அக்கா, ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?” என்று கேட்டால், அந்த அக்கா என்ன பதில் சொல்ல வேண்டும்? அதை அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் எப்படி நடத்துவது என்று பயிற்சி தருகிறோம். பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று தருவதில்லை.

இது வேண்டாத கவலை என்று நினைப்பவர்களுக்குக் கிருஷ்ணகிரியை நினைவூட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில் அந்த மாவட்டத்தின் பர்கூர் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. அது போலி முகாம். நடத்த வந்தவர்கள் யார், அவர்கள் பின்னணி என்ன என்று பள்ளி விசாரிக்கவில்லை. இரவில் பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். பிள்ளைகள் சொன்ன பிறகும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். சீருடையும் விசிலும் இருந்தாலே நல்லவர் என்று நம்பியதன் விலை அது.

நம் மாவட்டமும் விலக்கல்ல. 2014இல் திட்டக்குடியில் பள்ளி மாணவிகள் இருவர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட கொடுமை வெளியே வந்தது. 2019 சனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் ஒரு பாதிரியாரும் இருந்தார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கின்றன: போக்சோ சட்டப்படி பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சாக மட்டும் இதைச் சுருக்கவும் கூடாது. 2007இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள்.

நம் தெருக்களில் இந்த ஆபத்துக்குக் கூடுதல் காரணங்கள் இருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் முந்திரிக் கொட்டை உடைக்கவும் விடியும் முன்பே போய்விடுகிறார்கள். பல வீடுகளில் பெற்றோர் சென்னைக்கோ கேரளத்துக்கோ கட்டட வேலைக்குப் போக, பிள்ளைகள் பாட்டியோடு இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருகிறவர், பள்ளியில் கையெழுத்துப் போட வருகிறவர், மேலே படிக்க வழி சொல்கிறவர் எல்லாம் மாலை வகுப்பு அண்ணன்தான். அவ்வளவு நம்பிக்கை ஓர் ஆளின் கையில் குவிகிறது. நல்லவர் கையில் அது பிள்ளையைக் கரை சேர்க்கும். கெட்டவர் கையில் கிடைத்தால் அந்தப் பிள்ளைக்குப் புகார் சொல்லவும் போக்கிடம் இருக்காது.

கொடுமை நடந்த பிறகு இரண்டு வகை மௌனம் நம்மைச் சூழ்கிறது. செய்தவர் ஊர்த் தெருக்காரர் என்றால், பஞ்சாயத்து வைத்துப் பணம் கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். நிலமும் கூலியும் கடனும் அவர்களிடம் இருப்பதால் நம் பெற்றோரும் அடங்கிப் போவதுண்டு. செய்தவர் நம் தெருக்காரரே என்றால், அதிலும் இயக்கத்தில் பெயருள்ளவர் என்றால், “வெளியே தெரிந்தால் நம் சனத்துக்குத்தானே கேவலம்” என்ற குரல் நமக்குள்ளிருந்தே வரும். முதல் மௌனத்தை எதிர்த்துச் சாலை மறியல் செய்யத் தெரிந்த நாம், இரண்டாவதை எதிர்த்து வாய் திறக்கத் தயங்குகிறோம். பிள்ளையின் உடம்புக்கு இரண்டும் ஒன்றே. இயக்கத்தின் மானத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளை சுமக்க வேண்டும் என்று கேட்பது எந்த நீதியிலும் சேராது.

சட்டம் இந்தத் தயக்கத்துக்கு இடம் தரவில்லை. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் தலைவர் தன் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே பிரிவு காப்பு தருகிறது. 2020இல் வந்த போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களின் பின்னணியைக் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்கின்றன. பதிவு இல்லாத, பலகை இல்லாத நம் மாலை வகுப்புகளுக்கு இந்த விதியைச் சொல்ல யாரும் வருவதில்லை. நாமே எடுத்துச் செய்தால்தான் உண்டு.

காவல் துறைச் சான்று மட்டும் போதுமா என்றால் போதாது. இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் 2002இல் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் ஒரு பள்ளியின் காவலாளர். வேறு ஊரில் அவர் மீது பலமுறை புகார் எழுந்திருந்தது. எதிலும் தண்டனை இல்லாததால் வேலைக்கு எடுத்தபோது அவை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே, சான்றிதழைப் பார்ப்பதோடு அன்றாட நடத்தைக்கு நெறி வகுப்பதும் வேண்டும்.

அந்த நெறிகளுக்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும்; ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. கதவு திறந்தே இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை மட்டும் தனியாக வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது. தனியாகப் பரிசு தரக் கூடாது. இரவில் பிள்ளையின் கைப்பேசிக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் முகநூலில் போடக் கூடாது. அடிக்கக் கூடாது, சாதி சொல்லியோ நிறம் சொல்லியோ கேலி பேசக் கூடாது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். சாதித் தொல்லையைக் கண்டுபிடிப்பதும் பிள்ளைப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான் என்று அதற்குப் பிறகும் பிரித்துப் பேச முடியாது.

பயிற்சியின் முக்கியமான பாடம், பிள்ளை சொல்ல வரும்போது கேட்பது எப்படி என்பது. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. “உனக்கு உதவ யாரிடம் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்பதே நேர்மையான பதில். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. நாமாக ஒரு பெயரைச் சொல்லி “அவனா?” என்று கேட்டால் நாளை நீதிமன்றத்தில் அதுவே வழக்கை உடைக்கும். பிள்ளை சொன்ன சொல்லிலேயே நாளும் நேரமும் போட்டு எழுதி வைக்க வேண்டும். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்க விடக் கூடாது. குற்றம் செய்தவரிடம் போய் நியாயம் கேட்கக் கூடாது. 1098க்கு அழைக்கலாம், கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சொல்லலாம். ஆனால் காவல் துறைக்குப் போவதை இவற்றைக் காரணம் காட்டித் தள்ளிப் போடக் கூடாது. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் விரும்பும் இடத்தில், சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இரவில் எந்தப் பிள்ளையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்க முடியாது.

பட்டியல் சாதிப் பிள்ளை மீது பிற சாதியார் செய்த குற்றம் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் முதல் தகவல் அறிக்கையில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தால் துணைக் கண்காணிப்பாளர்தான் விசாரிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திராமல் நிவாரணமும் தவணைகளாகக் கிடைக்க வேண்டும். இதை வலியுறுத்தத் தெரிந்தவர் அந்தப் பெற்றோரோடு நிலையத்துக்குப் போக வேண்டும். செய்தவரும் பட்டியல் சாதியார் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. போக்சோ முழுமையாகப் பொருந்தும். இந்த வேறுபாடு தெரியாமல்தான், “நம்மவன் மேல என்ன வழக்கு வரும்” என்று பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வளரிளம் பிள்ளைகளின் காதலும் நம் வகுப்புகளுக்குள் வரும். வடமாவட்டத்தில் அது உயிர் சம்பந்தப்பட்டது. விருத்தாசலம் அருகே 2003இல் கண்ணகியையும் முருகேசனையும் நஞ்சூட்டிக் கொன்றார்கள். இருவரும் வயதுவந்தவர்கள். 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் காவல் துறை அதிகாரிகள் இருவரும் இருந்தார்கள். ஓர் இளம் உயிரின் இரகசியம் தெரிந்தால் அதைத் தெருவில் விடக் கூடாது, யாரிடம் சொன்னால் யாருக்கு ஆபத்து என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். பதின்ம வயதுக் காதலுக்காக இளைஞர்கள் போக்சோவில் சிறைப்படுவது குறித்து சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் கவலை தெரிவித்தது. சாதி கடந்த காதலில் அந்த வழக்கு யார் மீது எளிதாகப் பாயும் என்பது நமக்குத் தெரியும். பதினெட்டு வயது என்ற சட்டக் கோட்டை நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

“இலவசமாக உழைக்கிறோம், எங்களையே சந்தேகப்படுகிறீர்களா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் நெறி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. திறந்த கதவும் இரண்டாவது ஆளும் பொய்ப் புகாரிலிருந்து நல்ல தன்னார்வலரையும் காக்கும். ஒரு தலித் இளைஞர் மீது பழி விழுந்தால் ஊர் எவ்வளவு வேகமாக நம்பும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் காப்பு யாருக்கு அதிகம் தேவை என்பது விளங்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மாவட்ட நிர்வாகம் ஒவ்வோர் ஒன்றியத்திலும், பதிவு பெறாத மாலை வகுப்புகளையும் சேர்த்து, தன்னார்வலர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும். தமிழில் நான்கு பக்கக் கையேடு ஒன்றும் தர வேண்டும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு தாளில் மட்டும் இருக்கிற ஊராட்சிகளில் அது காலனியிலேயே கூட வேண்டும். மூன்றாவது நமக்கு நாமே வைப்பது: தலித் இயக்கங்கள் ஒவ்வொன்றும் தம் படிப்பகங்களுக்கு எழுதப்பட்ட ஒரு நெறியும், புகார் கேட்க அந்தப் படிப்பகத்தைச் சேராத ஒரு பெண்ணையும் வைக்க வேண்டும். குற்றம் செய்தவர் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் முதலில் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள் பிள்ளையை மாலை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இந்தக் கோடை முகாம்கள் தொடங்கும் முன்பே அந்த நிம்மதிக்கு உரிய ஏற்பாட்டை நாம் செய்து முடிக்க வேண்டும்.