ஒரு துண்டுப் பலகையின் பெறுமதி

சில வாரங்களுக்கு முன்னர் புத்தக அலுமாரி ஒன்றைச் செய்விப்பதற்காக மொறட்டுவையிலுள்ள தச்சுப் பட்டறை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மேசை வாளில் பலகை அறுத்துக்கொண்டிருந்தவர் மலையகத்திலிருந்து வந்த இளைஞர். இடக்கைச் சுட்டுவிரலில் பாதி இல்லை. எப்படி நேர்ந்தது என்று கேட்டேன். "சின்னத் துண்டு சேர், பள்ளத்துல இறங்கிருச்சி, கையும் கூடவே போயிருச்சி" என்றார்.

அவர் சொன்ன பள்ளம், மேசையில் வாள் வெளியே வருகின்ற திறப்பு. வாளைச் சரித்தும் அறுக்க வேண்டியிருப்பதால், தொழிற்சாலையிலிருந்து வரும் மூடுதட்டில் அந்த வாய் அகலமாகவே இருக்கும். அந்தப் பட்டறையிலோ தட்டே இல்லை. 10 அங்குல வாள் நிமிடத்துக்கு 4,000 தடவை சுழலும்போது அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன. உள்ளே இறங்கிய சிறு துண்டைப் பற்றி எறிவதற்கு அந்த வேகம் தாராளம்.

வாளின் தடிப்புக்கு மட்டும் பிளவு கொண்ட தட்டொன்றைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். தட்டைப் பொருத்தி, அதன் மேல் கனமான மரமொன்றை வைத்து இறுகப் பிடித்து, சுழலும் வாளைக் கீழிருந்து மெல்ல உயர்த்தினால் வாளே தன் வழியை அறுத்துக்கொள்ளும். எதில் செய்வது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். எம்.டி.எப். பலகை மலிவு, மட்டமானது. ஆனால் எமது ஈரக் காற்றில் ஓரம் ஊதிவிடும். பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக் வழுவழுப்பானது, பாரத்தில் வளையும். பினோலிக் தகடு சிறந்தது, விலையும் அதற்கேற்றது. என் தெரிவு, பல அடுக்குகள் கொண்ட நல்ல ஒட்டுப்பலகை. பலகையைத் தள்ளும் கோலும் மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். இரும்புக் கோல் வாளில் பட்டால் பற்கள் உடைந்து பறக்கும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999 இல் கண்டுபிடித்த முறையில், தோல் பட்டதும் அலுமினியக் கட்டையொன்று பாய்ந்து 5 மில்லிசெக்கனுக்குள் வாளை நிறுத்துகிறது. அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் சிறு பட்டறைகளுக்கு எட்டும் விலையில் அது இல்லை.

அபாயகரமான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பிட வேண்டும் என்று எங்கள் நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டு முதல் சொல்லி வருகிறது. தடுப்பு வேலையைத் தாமதப்படுத்துகிறது என்பது முதலாளிமாரின் பதில். உருப்படிக் கணக்கில் கூலி பெறும் தொழிலாளியும் அதையே சொல்வார். கண்ணை மறைக்கும் பழைய மூடிகளைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஒட்டுப்பலகைத் தட்டு எவருடைய வேலையை எவ்வளவு நேரம் தாமதப்படுத்தும்? கழிவுத் துண்டில் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடியதை இத்தனை காலமும் செய்யாதிருந்ததற்கு அலட்சியம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார். அலுமாரியை எடுக்கப் போனபோது மேசையில் புதிய தட்டு பொருத்தப்பட்டிருந்தது. அறுபட்ட பலகை வாளை நெரிக்காதபடி பின்னால் நிற்கவேண்டிய பிளவுக்கத்தியை மட்டும் காணவில்லை. கேட்டேன். அடுத்த மாதம் என்றார்.