நடுவர் இல்லாத பேச்சு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் நம் மேடையில் பட்டிமன்றம் நடந்தது. வாழ்க்கையை நடத்துவது விதியா, மதியா என்பது தலைப்பு. நம் தாத்தாக்கள் பேசித் தேய்த்த தலைப்புதான். நான் மதியின் பக்கம். விதியின் பக்கம் பேசியவர் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுக்கு, மிளகு வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். அவருடைய ஜாதக நம்பிக்கையை வைத்து நான் ஒரு வேடிக்கை சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தீர்ப்பு எங்கள் பக்கம். எனக்கு ஓர் எவர்சில்வர் குடம் கிடைத்தது. அதன்பின் ஏழெட்டு மாதம் அண்ணாச்சி என்னோடு பேசவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சிறு வயதிலேயே தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துக்கத்தை ‘விதி’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கடந்து வந்திருக்கிறார். கைதட்டலுக்காக நான் அடித்து நொறுக்கியது அந்தச் சொல்லைத்தான்.

பட்டிமன்றமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது நம் பழைய சொத்து. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பகைவரோடுகூடச் சினமும் பூசலும் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறான். நாம் மண்டபத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

‘விதண்டாவாதம்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் கதை சுவையானது. நியாய சாஸ்திரக்காரர்கள் விவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். வெற்றிக்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் வைத்துக்கொள்ளாமல், எதிராளி சொன்னதை உடைப்பதே குறியாகப் பேசுவது விதண்டை. இவற்றில் மிக உயர்ந்ததாக வைக்கப்பட்டது வாதம். இன்றோ வாதம் என்றாலே சண்டை என்றுதான் காதில் விழுகிறது. (கைகாலை இழுத்துக்கொள்ளும் வாதம் வேறு!)

சரக சம்ஹிதையும் இதைப் பேசுகிறது. மருத்துவன் மருத்துவனோடு உரையாடவேண்டும், அப்போதுதான் அறிவு தெளியும் என்று சொல்லிவிட்டு, உரையாடல் இரண்டு வகை என்கிறது: இணங்கிப் பேசுவது ஒன்று, பகைத்துப் பேசுவது ஒன்று. இணங்கிப் பேசும்போது அஞ்சாமல் கேள், அஞ்சாமல் சொல், தோற்றுவிடுவோமோ என்று பதறாதே, வென்றால் துள்ளாதே, ஊரெல்லாம் சொல்லித் திரியாதே என்பது அதன் அறிவுரை. பகைத்துப் பேசுவதற்கான தந்திரங்களையும் அதே நூல் சொல்லித் தருகிறது. அவற்றை இங்கே எழுதினால் அடுத்த பொங்கலுக்கு நம் அன்பர்கள் பயன்படுத்திவிடுவார்கள், ஆகவே எழுதவில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கொச்சியிலேயே இப்படிப் பேசியிருக்கிறார்கள். 1670-களில் டச்சுக் கம்பெனியின் மலபார்ப் பகுதிக்குத் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இந்த நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்’ என்ற நூலைத் தயாரித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறிய நூல் அது. ஆதாயம் கருதாமல் கம்பெனிக்காரர் எதையும் செய்யவில்லை என்பது வேறு விஷயம். அவருக்கு உதவியவர்கள் ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன், கொங்கணி பிராமணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் முதலானோர். அவர்கள் சொன்னதைப் போர்த்துகீசியத்துக்கும், அங்கிருந்து லத்தீனுக்கும் மாற்றினார்கள். லத்தீனில் எழுதியவர்களுள் காசியாரியுஸ் என்ற பாதிரியார், இளமையில் தத்துவ ஞானி ஸ்பினோஸாவிடம் பாடம் கேட்டவர்! அப்படிப்பட்டவர் கொச்சிக்கு வந்து, நம் வைத்தியர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்கவே இனிமையாக இருக்கிறது.

அந்த வைத்தியர்கள் ஒரு செடியைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லி விவாதித்ததை வான் ரீட் கூட இருந்து பார்த்திருக்கிறார். மனப்பாடமாக இருந்த பழைய செய்யுள்களை எடுத்துச் சொல்லி, மாற்றுக் கருத்துக்கு மதிப்புக் கொடுத்து, அவர்கள் பேசிய பணிவை மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் வியந்து எழுதியிருக்கிறார்.

அது எப்படி முடிந்தது? அவர்கள் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று நான் நம்பவில்லை. செடி நடுவில் இருந்தது, அவ்வளவுதான். எல்லார் கண்ணும் அதன் மேல். தப்பாகச் சொன்னால் நோயாளி பிழைக்கமாட்டான். கைதட்ட ஆள் இல்லை, குடம் தர நடுவர் இல்லை. பட்டிமன்றத்தில் நடுவில் இருப்பது தலைப்பல்ல, கூட்டம். அண்ணாச்சியைப் பார்த்து நான் அந்த வேடிக்கையைச் சொல்லவில்லை, நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னேன்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யைப் பெரியவர்கள் அறிவார்கள். பாஸ்கரத் தொண்டைமானும், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான மகராஜனும் அங்கே உட்கார்ந்து கம்பனைச் சுவைத்தவர்கள். அங்கே நடுவில் பாட்டு இருந்தது. டி.கே.சி. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவரும் அல்லர். கம்பராமாயணத்தில் பல பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கிப் புலவர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டவர். ஆகவே இணங்கிப் பேசுவது என்றால் வழவழா கொழகொழா என்று பேசுவது என்று யாரும் நினைக்கவேண்டாம். இதற்கு நேர் எதிரிடை வேண்டுமானால் அருட்பா–மருட்பாச் சண்டையைப் பாருங்கள். 1860-களில் மூண்டது, வள்ளலாரும் (1874) நாவலரும் (1879) மறைந்த பிறகும் ஓயாமல் அடுத்த நூற்றாண்டு வரை நடந்தது. கண்டனப் புத்தகங்கள் குவிந்தன. அவற்றைப் படித்து யாராவது கருத்தை மாற்றிக்கொண்டார்களா?

ஊரில் இருப்பவர்களைவிட நமக்கு இதில் அக்கறை வேண்டும். நாம் சில குடும்பங்கள்தான். இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டால் நாலு வீடு சங்கத்துக்கு வராது. இன்னொன்று: நம் பிள்ளைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். அவர்கள் காதில் விழும் தமிழ் இரண்டே வகை. வீட்டில் ‘சாப்பிட்டாயா’, மேடையில் ‘நடுவர் அவர்களே’. கடவுள் உண்டா, செத்தபின் என்ன, நல்லவன் ஏன் கஷ்டப்படுகிறான் என்று நிதானமாகப் பேசும் தமிழை அவர்கள் கேட்டதே இல்லை. அதனால் அந்தக் கேள்விகளை வேறு மொழியில், வேறு யாரிடமோ கேட்கிறார்கள். என் மகள் அப்படித்தான். அவள் இவற்றைப் பற்றி யோசிக்கிறாள் என்பதே அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மேடையில் அல்ல, மண்டபத் திண்ணையில் பாய் விரித்து உட்காருவோம். ஒரு கேள்வி, ஒரு பாட்டு அல்லது ஒரு சம்பவம் நடுவில் இருக்கட்டும். மைக் வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், சாயா உண்டு. பத்துப் பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரியலாம். செயற்குழுவினர் இதைக் கவனிக்கவேண்டுகிறேன்.

அண்ணாச்சியின் கதையை முடித்துவிடுகிறேன். ஓர் ஆடி மழையில் அவர் கடை வாசலில் ஒதுங்கினேன். “என்ன தம்பி, மதி உள்ளவங்க குடை கொண்டு வரலியா?” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சாக்கு மூட்டை மேல் உட்கார வைத்தார். ஒரு பிடி மிளகை அள்ளி என் உள்ளங்கையில் போட்டு, “எல்லாம் யோசிச்சுத்தான் இதை வாங்கிப் போட்டேன். விலை இறங்கிப் போச்சு. நான் யோசிச்சதுல தப்பா, இல்ல விதியா? நீங்களே சொல்லுங்க” என்றார். மழை விடும்வரை பேசினோம். திண்ணைக்கு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். மிளகுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.