நகையைக் கேட்கும் முன் நோட்டைக் காட்டுங்கள்!

வீட்டுக்கு மேலே மாடி எடுக்கும் ஆசை இப்போது எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், படிக்க ஒரு அறை வேண்டும். கல்யாணம், வளைகாப்பு என்றால் வந்தவர்கள் படுக்க இடமில்லை. எங்கள் கலசப்பாக்கத்தில் கேட்கவே வேண்டாம். ரதசப்தமிக்கு அண்ணாமலையார் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் கிளம்பின கையோடு, 'மேலே ரெண்டு ரூம் போட்டுடலாம்' என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஆசையில் தப்பில்லை. கணக்குப் போடுகிற விதம்தான் சரியில்லை. வீட்டு ஆண்களும் மேஸ்திரியும் திண்ணையில் உட்கார்ந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கி ஒரு தொகை சொல்வார்கள். நாம் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவோம். ஆறு மாதம் கழித்து, பூச்சு வேலைக்குப் பணம் இல்லாமல் நிற்கும்போதுதான் நம் ஞாபகம் வரும். 'உன் வளையலைக் கொடு, ரெண்டே மாசத்துல மீட்டுடலாம்' என்பார்கள். பட்ஜெட்டில் விழுகிற துண்டை அடைக்கத்தான் நம் நகையா? இதுதான் என் கேள்வி.

துண்டு எங்கே விழுகிறது? சொல்லாமல் விட்ட செலவில்தான். மாடிப்படி, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, குழாய், ஒயரிங் எல்லாம் அந்தச் சதுர அடி ரேட்டில் சேர்ந்ததா, தனியா? மொட்டை மாடியில் பதித்திருக்கும் பழைய தட்டோட்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும். பெயர்த்த இடிசலை அப்புறப்படுத்த வண்டி வாடகை. செங்கல்லையும் மணலையும் மேலே ஏற்ற தனிக் கூலி. இரண்டு குடும்பம் புழங்கப் போகிறதென்றால் பழைய செப்டிக் டேங்க் போதுமா? இத்தனையும் எழுதி, அதற்கு மேல் நூற்றுக்குப் பத்தாவது கைக்காவலாக ஒதுக்கினால்தான் அது பட்ஜெட்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய அஸ்திவாரம் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். தூண் இல்லாமல் வெறும் செங்கல் சுவரில் நிற்கும் வீடுகள் கிராமத்தில் நிறைய. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். நம் வீடு ஒரு மாடிதான். ஆனாலும் 'தாங்குமா' என்ற கேள்வியைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட ஏற்றக் கூடாது. இன்ஜினியர் பீஸை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

'இதெல்லாம் நமக்கு என்ன புரியும்' என்று சில சகோதரிகள் ஒதுங்குகிறார்கள். மாத மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கணக்குப் போடுகிற நமக்கு இது பெரிதா? 500 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டால் சுமார் 208 கன அடி கான்கிரீட் வரும். ஒன்றுக்கு ஒன்றரை ஜல்லியும் மணலுமாக அல்ல, 1 பங்கு சிமெண்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்ற கலவைக்கு, சிமெண்ட் மட்டும் 47 முதல் 50 மூட்டை பிடிக்கும். பீம் தனி. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், மூட்டை எங்கே போகிறது என்று நாமே கேட்கலாம். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய எஸ்டிமேட்டை யாராவது நீட்டினால், புது விலை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடனுக்கும் இதே நோட்டில் ஒரு பக்கம் வேண்டும். 10 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்கு வாங்கினால், மாதம் சுமார் 10,140 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 18 லட்சத்தைத் தாண்டும். 'வாடகைக்கு விட்டு அடைச்சுடலாம்' என்பது எங்களூர் மாதிரி இடத்தில் நடக்கிற காரியமா? நகைக்கடனோ, பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டியது. 15 வருஷம் மெதுவாக அடைக்க வேண்டிய செலவை ஒரு வருஷக் கடனில் போட்டால், நகை ஏலத்துக்குத்தான் போகும்.

கடைசியாக, யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். வீடு யார் பேரில் இருக்கிறது? மாமனார் சுயமாகச் சம்பாதித்த வீடாக இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாத்தனாருக்குப் பங்கு வருவது நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருமகளின் நகையை விற்றுக் கட்டிய மாடிக்குத் தனிக் கணக்கு உண்டா? கணவர் இருக்கும்போது மருமகள் அந்தச் சட்டப்படி வாரிசே இல்லை. அதனால், மாடி எடுக்கும் முன்பே பெரியவர்கள் எல்லாரையும் உட்கார வைத்து, யார் எவ்வளவு போடுகிறோம், யாருக்கு எது என்று பேசி, தான செட்டில்மென்ட்டாகவோ பாகப்பிரிவினையாகவோ பதிவு செய்துவிடுவது நல்லது. பதிவுச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். 'குடும்பத்துக்குள்ள எதுக்குப் பத்திரம்' என்று கேட்பார்கள். குடும்பம் உடையாமல் இருக்கத்தான் பத்திரம்!

பிளான் அனுமதிக்கு அலைய வேண்டுமே என்றும் பயப்பட வேண்டாம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மேலே ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறும் முறையை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டு வந்தது. அனுமதி இல்லாமல் கட்டினால் பிறகு வங்கிக் கடனுக்கும் விற்பதற்கும் நாம்தான் திண்டாட வேண்டும்.

பணம் முழுசாகக் கையில் இல்லையென்றால், நிறுத்துகிற இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தளம் போட்டுவிட்டு நிறுத்தினால் பூச்சு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். வெறும் சுவரோடு நின்றால் ஐப்பசி மழை நேராக அதன் மேலேதான்.

நகை தருவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நம் பிள்ளைகள் இருக்கப் போகிற வீடுதானே! ஆனால் தருகிற கைக்குக் கணக்கும் தெரிய வேண்டும். தளத்துக்குப் பாத்தி கட்டி, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றப் போவதும், வேலையாட்களுக்கு டீ போடப் போவதும் நாம்தான். அடுத்த முறை மேஸ்திரி திண்ணையில் உட்காரும்போது, காபி டம்ளரோடு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள் சகோதரிகளே!

- ஒரு வாசகி, கலசப்பாக்கம்.