லிஃப்ட்டுக்கு ஏஎம்சி இருக்கு... அசோசியேஷன் கம்ப்யூட்டருக்கு?

போன வருஷம் ஏப்ரல் மாசம் அப்பாவுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. புரொஃபைல் படத்தில் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி அங்கிள். "சார், அசோசியேஷன் பேங்க் அக்கவுன்ட் மாறுது. அரை வருஷ மெயின்டனன்ஸை இந்த க்யூஆர்ல போட்டுடுங்க." ஃப்ளாட் நம்பர் சரி. கட்ட வேண்டிய தொகையும் சரி. ஸ்கேன் செய்ததும் திரையில் அசோசியேஷன் பெயருக்குப் பதில் யாரோ ஒருவரின் பெயர் வந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பா நிறுத்தினார். அதற்குள் மூன்றாவது மாடியில் இரண்டு வீட்டுக்காரர்கள் பணம் கட்டிவிட்டார்கள்.

நம்பர் செக்ரட்டரியுடையது இல்லை, படம் மட்டும்தான் அவருடையது. சரி, தொகை எப்படித் தெரிந்தது? யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கூகுள் ஷீட்டை, லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்ற நிலையிலேயே மூன்று வருஷமாக விட்டிருந்தார்கள். அந்த லிங்க் யார் யார் கைக்குப் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு நடந்த அவசரக் கூட்டத்தில் எல்லாரும் மேனேஜரைப் பிடித்துக் கத்தினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தண்ணி லாரி, லிஃப்ட் ரிப்பேர், எஸ்டிபி நாற்றம், பார்க்கிங் சண்டை என்று நாள் முழுக்க ஓடுகிற மனிதர் அவர். கம்ப்யூட்டரையும் டேட்டாவையும் பாதுகாப்பது உங்கள் வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கற்றுக்கொடுத்ததும் இல்லை. உண்மையில் அது யாருடைய வேலையாகவும் இல்லை. பிரச்னையே அதுதான்.

அந்தச் சின்ன ரூமில் என்னவெல்லாம் இருக்கு?

உங்கள் அபார்ட்மென்ட்டில் அசோசியேஷன் ஆபீஸ் ரூமை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், மூலையில் சிசிடிவியின் டிவிஆர் பெட்டி, ஒரு ரவுட்டர். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில்தான் வாடகைக்கு வந்தவர்களின் ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், எல்லா வீட்டு போன் நம்பர்கள், வண்டி நம்பர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்களின் போட்டோ, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கு. எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எந்த வீடு வெளிநாட்டில் இருப்பவருடையது என்பதும் தெரிந்துவிடும். கேட் ஆப் இருந்தால், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்ற கணக்கும் சேரும்.

இதற்கு இருக்கும் பாதுகாப்பு என்ன? பல இடங்களில் பாஸ்வேர்ட் மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. எப்போதோ பிரின்டரைச் சரிசெய்ய வந்தவர் போட்டுவிட்டுப் போன எனிடெஸ்க், இன்றும் வெளியிலிருந்து திறக்கிற நிலையில் இருக்கலாம். அசோசியேஷன் மெயில் ஐடிக்கு ஓடிபி போவது, வேலையை விட்டுப் போன மேனேஜரின் போனுக்கு.

கேமரா நம்மைப் பார்க்குது... கேமராவை யார் பார்க்கிறாங்க?

2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாகி நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். பரிசோதனைக்கு வந்த பெண்களின் காட்சிகளைக் காசுக்கு விற்றிருந்தார்கள். பல இடங்களில் கேமராக்களின் ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வெளியாகின.

"நம்ம ஃப்ளாட்டை யாருங்க தேடி வந்து ஹேக் பண்ணப் போறா?" என்று எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் யாரும் உங்கள் முகவரியைத் தேடி வருவதில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் புரோகிராம்கள் இரவு பகலாக வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. 2016-ல் மிராய் என்ற வைரஸ், அறுபதுக்கும் மேற்பட்ட ஆரம்ப பாஸ்வேர்ட்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைக் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் டின் என்ற நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறின. பூட்டாத கதவு எந்தத் தெருவில் இருந்தால் என்ன, திருடனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன.

இது பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்த சங்கமோ, செய்யாத சங்கமோ, இந்தச் சட்டத்தின் பார்வையில் அதுவும் ஒரு 'நபர்'தான். டேட்டா கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்லியாக வேண்டும். தகுந்த பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஓர் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு அவ்வளவு போடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் "டேட்டா எல்லாம் ஆப் கம்பெனிகிட்டதான் இருக்கு, எங்களுக்குத் தெரியாது" என்று கை கழுவ முடியாது. யார் மூலம் கையாண்டாலும், சேகரிக்கச் சொன்னவருக்குப் பொறுப்பு உண்டு.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், வாங்கும் டேட்டாவைக் குறைக்கணும். பார்சல் கொண்டுவரும் தம்பியின் போட்டோ ஆறு மாசம் கழித்து எதற்கு? வாடகைக்காரரிடம் ஆதார் கேட்டே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். ஆதார் இணையதளத்திலேயே இலவசமாக டவுன்லோடு செய்யலாம். வீடு காலி செய்தவரின் ஃபைலை அழிக்கவும் ஒரு தேதி வேண்டும்.

இரண்டாவது, கமிட்டி மாறும்போது சாவிக்கொத்தோடு பாஸ்வேர்ட்களும் மாறணும். மெயில், நெட் பேங்கிங், கேட் ஆப், டிவிஆர், வைஃபை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டு, புது செக்ரட்டரி பதவியேற்கும் நாளிலேயே மாற்றிவிடலாம். ஓடிபி போகும் நம்பர் அசோசியேஷன் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும்.

மூன்றாவது, பணம். வங்கிக் கணக்கு மாறுவதாக இருந்தால் நோட்டீஸ் போர்டில் கையெழுத்தோடு அறிவிப்பு வராமல் யாரும் கட்டக்கூடாது என்று கூட்டத்தில் தீர்மானமே போடலாம். ஜென்செட்காரரோ செக்யூரிட்டி ஏஜென்சியோ "புது அக்கவுன்ட்" என்று மெயில் அனுப்பினால், பழைய நம்பருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பணும். 2025 ஏப்ரலில் இருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

நான்காவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. லிஃப்ட்டுக்கு ஏஎம்சி போடுகிறோம், ஜென்செட்டுக்குப் போடுகிறோம், ஆர்ஓ பிளான்ட்டுக்குக்கூடப் போடுகிறோம். கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் மட்டும் "எங்க பையன் பார்த்துப்பான்". 120 வீடு இருக்கும் இடத்தில் வீட்டுக்கு மாசம் 20 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 28,800 ரூபாய். மாசம் ஒருமுறை வந்து அப்டேட் போட, பேக்கப் ஒழுங்காக எடுத்திருக்கா என்று திறந்து பார்க்க, தேவையில்லாத ரிமோட் ஆப்களைத் தூக்க ஓர் உள்ளூர் டெக்னீஷியனை வைக்க இது போதும் என்றே நினைக்கிறேன். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். பாஸ்வேர்ட்கள் அவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. அவர் ரிமோட்டில் நுழைவதாக இருந்தால் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கணும். மேனேஜருக்கும் செக்யூரிட்டிக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் பாடம் எடுப்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

கமிட்டியில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி 10 மணிக்குக் கணக்குப் பார்ப்பவர்களிடம் இதையும் செய்யுங்கள் என்பது பாரம்தான். அதனால்தான் காசு கொடுத்து ஆள் வையுங்கள் என்கிறேன்.

பணம் போயிட்டா?

கூச்சப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930-க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. எங்கள் மூன்றாவது மாடிக்காரர்களில் ஒருவர் அன்றைக்கே புகார் செய்தார், அவருக்குப் பாதிப் பணம் திரும்பி வந்தது. இன்னொருவர் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

எங்கள் அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங் வரும் மாசம். லிஃப்ட் ஏஎம்சி புதுப்பிப்பது அஜெண்டாவில் இரண்டாவதாக இருக்கு. அதற்குக் கீழே கம்ப்யூட்டர் ஏஎம்சியையும் எழுதச் சொல்லி அப்பா கடிதம் கொடுத்திருக்கிறார். உங்கள் அபார்ட்மென்ட்டிலும் யாராவது ஒருவர் கொடுங்கள்.