நாலு புள்ளி போதும்

நம் வயதுக்காரர்கள் வீட்டுச் சுவரில் இன்றும் ஒரு படம் தொங்கும். ஸ்டூடியோவில் எடுத்த அப்பா அம்மா படம். சுற்றிலும் வெள்ளை அட்டை, அதன் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு ஜன்னல், அதற்குள் அவர்கள் முகம். ஃபிரேம் கடைக்காரர்கள் இந்த அட்டையை ‘மவுண்ட்’ என்பார்கள். பிரெஞ்சில் இதற்குப் பெயர் ‘பாஸ்பார்த்தூ’, அதாவது எங்கும் நுழைவது. எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவிக்கும் அதே பெயர்தான்.

மவுண்ட் வெறும் அழகுக்கு இல்லை. படம் கண்ணாடியில் ஒட்டாமல் ஒரு சிறு இடைவெளி விடுவதுதான் அதன் முதல் வேலை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நமக்கு உப்புக் காற்றும் ஈரமும் பழகிப்போனவை. கண்ணாடியோடு நேராக ஒட்டிக் கிடக்கும் பழைய புகைப்படம் ஈரத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் மவுண்டை நன்றாக வெட்டத் தெரிந்த ஆள் நமக்கு வேண்டும்.

முன்பெல்லாம் கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் கையால் வெட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்தால் இயந்திரம் கத்தியை ஓட்டுகிறது. கத்தி 45 பாகை சாய்ந்து போவதால் அட்டையின் உள் விளிம்பு சரிவாக, வெள்ளையாகத் தெரியும். இயந்திரம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இயந்திரத்தின் முன்னால் உட்காரும் பையனுக்கு வளைவு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆறு மாதக் கோர்ஸில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. பென்சிலும் ஸ்கேலும் இருந்தால் ஒரே காலையில் சரிசெய்யக்கூடிய தவறு.

நம் பக்கத்து ஃபிரேம் கடை ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் பழைய மவுண்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பையன் அதை அப்படியே ‘ஆட்டோ ட்ரேஸ்’ செய்தான். ஒரு முட்டை வடிவத்துக்கு நூற்றுக்கும் மேல் புள்ளிகள் விழுந்தன. கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கித் திரும்பியது. விளிம்பு எலி கடித்த மாதிரி வந்தது. பிளேடு மழுங்கிவிட்டது என்றான் பையன். பையனுக்குக் கை வராது என்றார் முதலாளி. அட்டையின் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. திரையில் இருந்த வரைபடத்தை இருவருமே பார்க்கவில்லை.

அந்தப் புள்ளிகளின் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? மோட்டார் கம்பெனிகளில். பிரான்சில் சித்ரோயன் கம்பெனியில் போல் தெ காஸ்தல்ஜோ என்ற கணிதக்காரர் 1959-ல், கார் உடம்பின் வளைவுகளைக் கணக்கில் அடக்க ஒரு வழி கண்டார். கம்பெனி அதைப் பல வருடம் ரகசியமாகவே வைத்திருந்தது. ரெனோ கம்பெனியில் பியேர் பெஸியே என்ற என்ஜினியர் 1960-களில் தனியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். அவர் அதை வெளியே எழுதினார், பேசினார். உலகம் முழுவதும் இன்று ‘பெஸியர் கர்வ்’ என்று அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அச்சுக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி 1984-ல் வந்தபோது இதே வளைவுதான் அதில் இருந்தது. கோரல்டிராவிலும் இன்க்ஸ்கேப்பிலும் இதுதான். நீங்கள் இப்போது படிக்கும் தமிழ் எழுத்தின் சுழிகளும் இதே கணக்கில் வரைந்தவைதான்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். காகிதத்தில் நாலு புள்ளி வையுங்கள். வரிசையாகச் சேர்த்தால் மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் நடுப்புள்ளி குறித்துச் சேர்த்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கும். நடுப்புள்ளிக்குப் பதில் கால் பங்கில், முக்கால் பங்கில் என்று இதையே திரும்பச் செய்தால் முழு வளைவும் கிடைத்துவிடும். தெ காஸ்தல்ஜோவின் முறை இவ்வளவுதான்.

முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் வளைவின் மேலேயே இருக்கும். நடுவில் உள்ள இரண்டையும் வளைவு பொதுவாகத் தொடாது. ஆனால் அது எப்படித் திரும்ப வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். சிக்குக் கோலம் போடும் பெண்களுக்கு இது புதிதல்ல. கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வரும், ஆனால் புள்ளி இல்லாமல் கோலம் இல்லை. திரையில் ‘ஹேண்டில்’ என்று சொல்வது மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. நடப்பது மாடு, திருப்புவது கயிறு.

ஒரு முழு வட்டத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும்? மேல், கீழ், இடம், வலம் என்று நாலு போதும். ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஆரம் என்றால் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர். இப்படி வருவது கணிதப்படி அப்பழுக்கில்லாத வட்டம் அல்ல. ஆனால் பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் பிசகு 0.03 மில்லிமீட்டரைத் தாண்டாது. மவுண்ட் அட்டையின் கனமே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும்போது இந்தப் பிசகு எந்தக் கண்ணுக்குத் தெரியும்? முட்டை வடிவத்துக்கும் இதே கணக்குதான். அகலத்தில் பாதிக்கு ஒன்று, உயரத்தில் பாதிக்கு ஒன்று. ஒரு புள்ளியின் இரண்டு பக்க ஹேண்டில்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கோடு முறிந்தால் அங்கே ஒரு மூலை விழும்.

நம் வட்டாரத்துக்கு இந்த அறிவு பழையது. காசிமேட்டில் மரப் படகு கட்டியவர்கள் மெல்லிய மரச் சட்டத்தைச் சில இடங்களில் மட்டும் பிடித்து வளைத்து, ஒற்றைக் கண்ணை மூடி ஓரமாகப் பார்ப்பார்கள். ஆணி குறைவாக இருந்தால் சட்டம் தானே அழகாக வளையும். அடிக்கு ஒரு ஆணி அடித்தால் முட்டிக்கொண்டு நிற்கும். கப்பல் வரைபடக்காரர்கள் ஆணிக்குப் பதில் ஈயக் கட்டிகளை வைத்துக் காகிதத்தின் மேல் செய்ததும் இதையேதான். திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் பெட்ரோல் டேங்கின் மேல் தூரிகையால் ஒரே இழுப்பில் தங்கக் கோடு போட்ட கைகளை நம்மில் பலர் அறிவோம். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் அந்தக் கோடு வருமா?

“இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்யும், இது எதற்கு?” என்று கேட்பார்கள். வட்டமும் முட்டையும் ஆயத்தமாகவே கிடைக்கின்றன, உண்மை. ஆனால் தஞ்சாவூர்ப் படத்துக்குக் கோயில் வளைவு மாதிரி ஜன்னல் கேட்டால்? பழைய மவுண்டின் அதே அளவு கேட்டால்? தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை நிற்கும். லேசரில் வெட்டிவிடலாமே என்பதும் முழுப் பதில் அல்ல. லேசர் அட்டையின் ஓரத்தைச் சுட்டுப் பழுப்பாக்கும். சாதாரண லேசர் இயந்திரத்தில் அந்த வெள்ளைச் சரிவும் கிடைக்காது.

இன்னொரு தரப்பும் உண்டு. தொழில் தெரிந்த மேஸ்திரிகள் சிலர், “நான் பத்து வருடம் அடி வாங்கிக் கற்றது, சும்மா சொல்லிவிடுவேனா?” என்பார்கள். அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. பிள்ளை குட்டிக்காரர்கள், போட்டிக்குப் பயப்படுகிறார்கள். ஆனால் பாரிஸில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். முதலில் கண்டவர் தெ காஸ்தல்ஜோ, பெயர் நின்றதோ பெஸியேவுக்கு. பூட்டி வைத்த கம்பெனிக்கு அந்தப் பெருமையும் இல்லை. காசிமேட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. மரச் சட்டத்தை வளைத்த அந்தக் கண்பார்வையை யாருக்கும் சொல்லாமல் போனவர்களோடு அதுவும் போயிற்று.

ஆகவே நான் கேட்பது சிறிய விஷயம். கோர்ஸ் நடத்துகிறவர்கள் முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். பென்சிலும் ஸ்கேலும் கொடுத்து, தமிழில் விளக்கி, நாலு புள்ளி வளைவு பத்து போடச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் தங்களுக்குத் தெரிந்ததைப் பையன்களுக்குச் சொல்லுங்கள். கடை முதலாளிகள், அட்டை வீணானால் சம்பளத்தில் கை வைக்கும் முன், திரையில் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பாருங்கள். நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய படத்துக்கு மவுண்ட் மாற்றும்போது, அமிலம் இல்லாத அட்டையா என்று கேளுங்கள். மட்டமான அட்டை சில வருடத்தில் பழுப்பாகிப் படத்தையும் கெடுக்கும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால், வெட்டிய பையனை அழைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.