வன்தட்டைப் பிரிக்கும் முன்

விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே, என் வயதையொத்த நண்பர்கள் சிலர் லினக்ஸ் பக்கம் திரும்பியுள்ளனர். விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவுங்கள் என்று இளைஞர்கள் அவர்களுக்கு ஆலோசனை கூறுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த தலைமுறை எங்களுடையது. பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அந்தக் கட்டுரைகள் யாவும் யூனிகோடுக்கு மாறும் வரையாவது இரண்டு இயங்குதளங்களும் ஒரே வன்தட்டில் அருகருகே இருக்கட்டும்.

இடம் ஒதுக்குவது பெரிய வித்தையன்று. விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட்டில் 'சி' பகுதியைச் சுருக்கினால் வெற்றிடம் கிடைக்கும். உபுண்டுவுக்கு 25 கிகாபைட் போதுமென்பார்கள். 50 கொடுப்பதே என் வழக்கம். அவ்வெற்றிடத்தைப் புதிய டிரைவாக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். தனக்குரிய பகுதியை லினக்ஸ் தானே அமைத்துக்கொள்ளும். பாதித் தட்டு காலியாக இருந்தும் விண்டோஸ் சிறிதளவே தருவதாக அடம்பிடிப்பதுண்டு. இடையில் நகர்த்த முடியாத கோப்புகள் கிடப்பதே காரணம். உறக்கநிலையை நிறுத்தினால் பெரும்பாலும் வழிவிடும்.

பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் நிறுத்தியாக வேண்டும். அது இயங்கும்வரை, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து அப்பகுதியில் எழுதினால் கோப்புகள் பழுதடையலாம். பிட்லொக்கர் பூட்டு இருப்பின், அதன் மீட்புத் திறவுகோலைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே வைத்தால் பயனில்லை!

இவை யாவற்றுக்கும் முன்னர், எல்லாக் கோப்புகளையும் வெளித் தட்டொன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கின்றதா என்றும் பார்த்துவிடுங்கள். 2007 இல் நான் இதைச் செய்யவில்லை. முழுத் தட்டையும் பயன்படுத்தலாமா என்று நிறுவி கேட்டது. அவசரத்தில் ஆம் என்று அழுத்தினேன். பதினொரு வருடப் பத்தி எழுத்துகள் போய்விட்டன. பிறர் எழுதிய தலைப்புகளை மூன்று தடவை வாசித்தே அச்சுக்கு அனுப்பியவன், அன்று திரையிலிருந்த ஒரு வரியை ஒழுங்காக வாசிக்கவில்லை.

என் மனைவி பத்திரிகை நறுக்குகளாகப் பேணி வைத்திருந்த நாற்பது கட்டுரைகள் மாத்திரம் எஞ்சின. அவற்றைத்தான் இப்போது, உபுண்டுவில் யூனிகோடில், மீண்டும் தட்டச்சுச் செய்து வருகிறேன்.