டயரை மாற்றும் முன் காரணத்தைப் பாருங்கள்!

கேள்வி: காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய காரில், முன் டயர்களின் உள் ஓரம் மட்டும் ஆறே மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி துள்ளுகிறது. டயரை மட்டும் மாற்றினால் போதுமா?

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: போதாது. இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் யூரியா போடுவது போன்றதுதான் இது. கோளாறு அப்படியே இருந்தால் புது டயரும் அதே ஓரத்தில் தேயும்.

டயர் தேயும் விதமே நோயைச் சொல்லிவிடும். ஒரே ஓரம் தேய்ந்தால், பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் மாறியிருக்கும். நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. திட்டுத்திட்டாகக் குழி விழுந்தால், ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கலாம்.

வண்டியின் சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அது கெட்டால் டயர் சாலையில் சரியாகப் பதியாது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும், வளைவில் அலையும். தக்காளி நசுங்குவதோடு போகாது; மழை இரவில் உயிருக்கே ஆபத்து.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே எழும்பி உடனே அடங்க வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதன் மேல் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. முன்பக்கம் என்றால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் முன்பக்க ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே, உரிய கருவி உள்ள பட்டறையில்தான் கழற்ற வேண்டும்.

அலைன்மென்ட் கடைசி வேலை. ஷாக் அப்சார்பரை மாற்றி, டை ராடு, பால் ஜாயின்ட், புஷ், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, டயரில் காற்றைச் சரியாக நிரப்பிய பிறகே அதைச் செய்ய வேண்டும். ஆட்டத்தோடு செய்யும் அலைன்மென்ட் சில நாளும் நிற்காது. சரக்கை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டு செல்லுங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் அச்சிட்டுக் கேட்டு வாங்குங்கள். வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், அதற்கு வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும். அது தனி வேலை.

இவை முடிந்த பிறகு புது டயர் வாங்குங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். பெரிய பள்ளத்தில் சக்கரம் பலமாக மோதினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் தேயும் வரை காத்திருக்காமல் உடனே அலைன்மென்ட் பாருங்கள்.